நிலம் கையில் இருந்தால்தான் பாடம்

ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடிப் பிள்ளைகள் சேற்றிலும் கடலிலும் நின்று அறிவியல் படிக்கிறார்கள். அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது, எதை நம்பி நிற்கிறது?

2025 மே மாதம் சீனா தியான்வென்-2 என்ற விண்கலத்தை ஏவியது. பூமிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றிவரும் சின்னஞ்சிறு விண்கல் ஒன்றிலிருந்து மண் எடுத்து வருவது அதன் வேலை. அந்தக் கல்லின் அகலம் நூறு மீட்டருக்குள்தான் இருக்கும். நிலவிலிருந்து உடைந்து தெறித்த துண்டாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 2016-ல் ஹவாயின் ஹலேயாகாலா மலையுச்சியில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. கல்லின் பெயர் கமோஒஆலேவா.

பெயர் வைத்தவர்கள் ஹவாய் மொழியில் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள். ஹீலோ நகரில் இருக்கும் இமிலோவா வானியல் மையம் அவர்களை அழைத்தது. மொழி ஆசிரியர்களோடும் வானியலாளர்களோடும் அமர்ந்து, அந்தக் கல் எந்தப் பாதையில் எப்படி அசைந்து அசைந்து போகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டார்கள். பிறகு தங்கள் முன்னோரின் படைப்புப் பாடலான குமுலிப்போவிலிருந்து பெயரை எடுத்தார்கள். 2019-ல் அது அதிகாரபூர்வமானது. இன்று உலகின் எந்த வானியல் பட்டியலைப் புரட்டினாலும் அந்தப் பெயர் இருக்கிறது.

குமுலிப்போ 2,000 வரிகளுக்கு மேல் நீளும் பாடல். இருளில் தொடங்குகிறது. அந்த இருளில் முதலில் பிறக்கும் உயிர் பவளப்பூச்சி. அதற்குப் பிறகு கடல்வாழ் உயிர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கடலில் ஒரு பாசி பிறந்தால், அதற்குத் துணையாகக் கரையில் ஒரு செடி பிறக்கிறது. மீன், பறவை, விலங்கு என்று வளர்ந்து கடைசியில்தான் மனிதர் வருகிறார். ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானி 1895-ல் தன் அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டிருந்தபோது இந்தப் பாடலை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். 1897-ல் அது அச்சாயிற்று. நாட்டை இழந்த அரசி தன் மக்களின் அறிவையாவது காப்பாற்ற நினைத்தார். அவர் காப்பாற்றிய பாடலிலிருந்து, 120 ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் ஒரு விண்கல்லுக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது பண்பாட்டுப் பெருமைக்காக நடத்தப்பட்ட விழா என்று தோன்றலாம். அப்படியல்ல. அந்தப் பெயருக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு கல்விப் போராட்டம் இருக்கிறது. மீன்குளத்திலும் சேப்பங்கிழங்கு வயலிலும் தோணியிலும் வைத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் முயற்சி அது.

அறுத்தெறிந்த காலம்

19-ஆம் நூற்றாண்டு ஹவாய் உலகிலேயே எழுத்தறிவு மிகுந்த நாடுகளில் ஒன்று. 1834-ல் முதல் ஹவாய் மொழிச் செய்தித்தாள் வந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு இதழ்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அரசியல், தொடர்கதை, மருத்துவம், மீன்பிடிப்பு, மழைக்கணக்கு, எரிமலைச் செய்தி என்று எல்லாம் தங்கள் மொழியில் எழுதிப் படித்த மக்கள் அவர்கள்.

1893 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, கரும்புத் தோட்ட முதலாளிகள் சேர்ந்த ஒரு குழு அரசியைப் பதவியிறக்கியது. 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் அடி விழுந்தது. பெற்றோர் வீட்டிலும் பேசுவதை நிறுத்தினார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் மொழி பேசும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐம்பது பேர்கூட இல்லை என்ற நிலை வந்தது.

மொழியோடு வேறொன்றும் போனது. ஹவாய் மக்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கின் மழைக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். மானோவா பள்ளத்தாக்கில் பெய்வது துவாஹினே, ஹீலோவில் பெய்வது கனிலேஹுவா. காற்றுகளுக்கும் அப்படியே. எந்த மழை எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு சேர்ந்து வந்த தகவல். வானிலை நிலையங்கள் இல்லாத காலத்தில் பல நூறு ஆண்டுகள் கவனித்துச் சேர்த்த பதிவேடு அது. பேசுவார் இல்லாதபோது பதிவேடும் மூடிக்கொண்டது.

1978-ல் மாநில அரசியல் சட்டம் திருத்தப்பட்டு ஹவாய் மொழி ஆட்சிமொழியானது. பொதுப்பள்ளிகளில் ஹவாய் பண்பாடு, வரலாறு, மொழி ஆகியவற்றைக் கற்பிப்பது அரசின் கடமை என்றும் அதில் எழுதினார்கள். எழுத்தில் இருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு சில ஆசிரியர்களும் பெற்றோரும். 1984-ல் கவாய் தீவின் கேக்காஹாவில் முதல் ஹவாய் மொழி மழலையர் பள்ளியைத் திறந்தார்கள். தமிழர்களுக்குக் கவாய் என்றால் கருங்கல்லில் எழுந்த இறைவன் கோயில்தான் நினைவுக்கு வரும். அதே தீவின் மேற்கு ஓரத்து ஊர் கேக்காஹா. ஹவாய் மொழியில் பாடம் நடத்துவதற்கு இருந்த சட்டத்தடை 1986-ல்தான் விலகியது. தடை விலகும்வரை காத்திருக்காமல் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். 1987 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஹவாய்வழி வகுப்புகள் வந்தன.

கடலுக்குள் ஒரு கற்சுவர்

ஓவாஹு தீவின் கிழக்குக் கரையில் கானேயோஹே விரிகுடா இருக்கிறது. அதில் ஹெஎயியா என்ற இடத்தில் கடலை வளைத்து ஒரு கற்சுவர். நீளம் 2 கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே அடங்கிய நீர்ப்பரப்பு 88 ஏக்கர். கட்டி 600 முதல் 800 ஆண்டுகள் ஆகின்றன. எரிமலைப் பாறைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் பவளக்கல்லை நிரப்பி எழுப்பிய சுவர். இதுதான் ஹவாய் மக்களின் மீன்குளம். தீவுகள் முழுவதும் இப்படி 488 குளங்கள் இருந்ததாக ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது.

குளத்தின் வேலையை ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் சூழலியல் பாடத்தில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி. மலையிலிருந்து வரும் ஓடை சேப்பங்கிழங்கு வயல்களுக்குள் புகுந்து, அங்குள்ள சத்தை அள்ளிக்கொண்டு குளத்துக்கு வருகிறது. கடல்நீர் சுவரிலுள்ள மதகுகள் வழியாக ஏற்றத்தில் உள்ளே வந்து வற்றத்தில் வெளியே போகிறது. இரண்டும் கலந்த உவர்நீர் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. வெயில் அடிவரை இறங்குகிறது. பாசி செழிக்கிறது. பாசியைத் தின்னும் மடவையும் பால்மீனும் குஞ்சுகளாக மதகின் குச்சி இடுக்குகளில் நுழைந்து உள்ளே வருகின்றன. தின்று கொழுத்த பிறகு அதே இடுக்கு வழியாக வெளியேற முடிவதில்லை. யாரும் தீவனம் போட வேண்டாம். வேண்டும்போது வேண்டிய அளவு பிடித்துக்கொள்ளலாம்.

பாசியைத் தின்னும் மீனை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகிறது என்று நம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மீனைத் தின்னும் மீனை வளர்த்தால் ஒரு படி மேலே போய்விடுவோம். அதே குளத்தில் கிடைக்கும் உணவு பல மடங்கு குறையும். இதை அறிந்தவர்கள் அந்தச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இந்தப் பத்து சதவீதத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஹெஎயியாவுக்கு வரும் பிள்ளைகள் அதைக் குளத்து நீரில் இறங்கிப் பார்க்கிறார்கள்.

1965-ல் வந்த பெருவெள்ளம் சுவரில் பெரிய உடைப்பை ஏற்படுத்தியது. அதற்கு முன்பே, 1920-களில், மண்ணரிப்பைத் தடுக்க என்று கொண்டுவந்து நட்ட அலையாத்தி மரங்கள் சுவர் முழுவதும் பரவி, வேர்களால் கற்களைப் பிளந்துகொண்டிருந்தன. பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். நமக்குக் கரையைக் காக்கும் மரம், ஹவாய்க்கு வெளியிலிருந்து வந்த களை. மரம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். இடத்தை அறிந்து படிப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2001-ல் இளைஞர் சிலர் சேர்ந்து பாஏபாஏ ஓ ஹெஎயியா என்ற அமைப்பைத் தொடங்கிக் குளத்தை மீட்கும் வேலையைக் கையில் எடுத்தார்கள். அலையாத்தியை வெட்டி அகற்றுவது, வந்தேறிப் பாசியைக் கைகளால் வாரியெடுப்பது, சரிந்த கற்களைத் திரும்ப அடுக்குவது என்று ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கற்களைக் கைமாற்றினார்கள். 2015 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் கூடி, ஐம்பது ஆண்டுகளாகத் திறந்து கிடந்த உடைப்பை மூடினார்கள்.

இங்கே வரும் வகுப்பு எடுத்தவுடன் தண்ணீரில் இறங்கிவிடுவதில்லை. முதலில் வாசலில் நின்று, உள்ளே வர அனுமதி கேட்டுப் பாட வேண்டும். உள்ளிருப்பவர்கள் பதில் பாடி அழைத்த பிறகே நுழையலாம். அந்த இடத்தின் கதை, காற்றின் பெயர், ஓடையின் பெயர் எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். பிறகு உவர்ப்புமானியை எடுக்கிறார்கள். மதகருகே உப்பு எவ்வளவு, ஓடை விழும் இடத்தில் எவ்வளவு, நீரில் உயிர்வளி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அளந்து எழுதுகிறார்கள். நிலவின் எந்த இரவுக்கு அடுத்த பகல் என்பதையும் சேர்த்து எழுதுகிறார்கள். ஹவாய் மாதத்தின் முப்பது இரவுகளுக்கும் முப்பது பெயர்கள். விதைப்பு, மீன்பிடிப்பு, ஓய்வு எல்லாம் அந்தக் கணக்கில் நடந்தவை. பாட்டு பண்பாட்டுக்கு, உவர்ப்புமானி அறிவியலுக்கு என்று பிரித்துப் பார்த்தால் இந்த வகுப்பு புரியாது. கவனிக்கும் பழக்கம் ஒன்றுதான். கருவிகள்தான் இரண்டு.

மோலோகாய் தீவின் மோஒமோமி கரையில் இதை வேறொரு விதத்தில் செய்து காட்டியவர் மேக் போஏபோஏ என்ற மீனவர். மீன்களை அறுத்துச் சினைப்பை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆண்டு முழுவதும் பார்த்து, நிலா மாதத்தோடு பொருத்தி, எந்த மீன் எப்போது சினை விடுகிறது என்று நாட்காட்டி தயாரித்தார். சினைக்காலத்தில் அந்த மீனைத் தொடுவதில்லை என்பது ஊர்க்கட்டுப்பாடு. கடல் உயிரியல் படித்தவர்கள் அந்த நாட்காட்டியை மதித்துப் படித்தார்கள். கரையோரப் பிள்ளைகளுக்கு அது பாடமாயிற்று.

குளத்திலிருந்து ஓடையைப் பிடித்து மேலே நடந்தால் சதுப்புநிலம். காக்கோ ஓய்வி என்ற அமைப்பு அங்கே ஏறத்தாழ 400 ஏக்கரில் சேப்பங்கிழங்கு வயல்களை மீட்டுக்கொண்டிருக்கிறது. வயல் வண்டலைத் தடுத்து நிறுத்துவதால் கீழே குளம் தெளிகிறது. குளம் தடுப்பதால் அதற்கப்பால் பவளப்பாறை பிழைக்கிறது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும் நம் ஏரித்தொடர் மாதிரி, மலையுச்சியிலிருந்து கடல்வரை ஒரே நீர்வழியை ஒரே நிர்வாகமாக வைத்திருந்தது பழைய ஹவாய். அஹுபுவாஅ என்று அதற்குப் பெயர். 2017-ல் அமெரிக்க அரசு இந்தப் பகுதியைத் தேசியக் கழிமுக ஆய்வுக் காப்பகமாக அறிவித்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வயலில் வேலை செய்யும் இளைஞர்களும் இன்று அங்கே ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

நட்சத்திரம் பார்த்து ஓட்டிய தோணி

பாலினேசிய மக்கள் வழி தெரிந்து கடலைக் கடக்கவில்லை, காற்றிலும் நீரோட்டத்திலும் அடித்துவரப்பட்டுத் தற்செயலாகத் தீவுகளில் ஒதுங்கியவர்கள் என்று 1950-களில் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர் எழுதினார். பலர் நம்பினார்கள். அது பொய் என்று நிரூபிக்க 1973-ல் ஹவாயில் ஒரு சங்கம் தொடங்கி, ஹோக்குலேயா என்ற இரட்டைத் தோணியைக் கட்டினார்கள். ஆனால் கருவியில்லாமல் ஆழ்கடலில் வழிகாட்டத் தெரிந்த ஒருவர்கூட அப்போது ஹவாயில் இல்லை. மைக்ரோனேசியாவின் சட்டவால் என்ற சிறு தீவிலிருந்து மாவ் பியாய்லுக் வந்தார். 1976-ல் அவர் வழிகாட்டலில் ஹோக்குலேயா ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் தாஹித்தி போய்ச் சேர்ந்தது. கரையில் 17,000 பேர் காத்திருந்தார்கள்.

மாவ் குழந்தையாக இருந்தபோது அவருடைய தாத்தா அவரைக் கடலோரப் பாறைக்குழி நீரில் உட்காரவைத்து அலையின் இழுப்பைப் பழக்கினாராம். அங்கிருந்து தொடங்கிய கல்வி. தன் குலத்துக்கு வெளியே சொல்லித்தரக் கூடாது என்ற வழக்கத்தை மீறி, அவர் ஹவாய் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தன் தீவில் படிக்க ஆளில்லாமல் அந்த அறிவு அழிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். அவரிடம் படித்த நைனோவா தாம்ப்சன் 1980-ல் கருவியில்லாமல் தாஹித்திக்குத் தோணியைக் கொண்டுபோனார். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அப்படிப் போன முதல் ஹவாய்க்காரர் அவர். மாவிடம் படித்ததோடு நிற்காமல், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகக் கோளரங்கிலும் இரவுக்கிரவு உட்கார்ந்து நட்சத்திரங்களின் போக்கைப் படித்தவர் நைனோவா.

அவர் உருவாக்கிய நட்சத்திரத் திசைகாட்டி அடிவானத்தை 32 வீடுகளாகப் பிரிக்கிறது. ஒரு நட்சத்திரம் கிழக்கே எந்த வீட்டில் எழுகிறதோ, மேற்கே அதற்கு ஒத்த வீட்டில் இறங்கும். பிள்ளைகள் தரையில் கற்களை வட்டமாக வைத்து, நடுவில் நின்று, திசைகளைத் தங்கள் உடம்பாலேயே பழகுகிறார்கள். தெற்குச் சிலுவை நேராக நிற்கும்போது அதன் மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் இடையே 6 பாகை. ஹவாய் இருக்கும் அட்சரேகையில் கீழ் நட்சத்திரம் அடிவானத்திலிருந்தும் அதே 6 பாகை உயரத்தில் நிற்கும். இரண்டு இடைவெளியும் சமமாகத் தெரிந்தால் ஹவாயின் அட்சரேகைக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அங்கிருந்து கிழக்கிலோ மேற்கிலோ தீவைத் தேட வேண்டும். நாம் திரிசங்கு என்று சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டத்தைக் கன்னியாகுமரியில் நின்று பார்த்தால் இன்னும் உயரத்தில் இருக்கும். முக்கோணவியலை இப்படிச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளை கணக்கைக் கண்டு பயப்படும்?

தோணி கட்டப் போனவர்கள் காட்டைப் பற்றியும் படிக்க வேண்டியிருந்தது. 1990-ல் இன்னொரு தோணியைப் பழைய முறையிலேயே மரத்தைக் குடைந்து கட்ட விரும்பினார்கள். நம் வேலமரத்தின் தூரத்து உறவான கோவா மரம் வேண்டும். தீவுக்காடுகளில் மாதக்கணக்கில் தேடினார்கள். தோணிக்கு ஆகும் அளவில் ஆரோக்கியமான இரண்டு மரங்கள் கிடைக்கவில்லை. கடைசியில் அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள் தங்கள் காட்டிலிருந்து இரண்டு பெரிய ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொடுத்தார்கள். கால்நடையும் மரவெட்டும் தங்கள் காட்டை எப்படி ஆக்கிவிட்டன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. கோவா நாற்று நடும் வேலையும் தோணிக் கல்வியின் பகுதியானது. அந்த நாற்றுகள் தோணியாகும் அளவுக்கு வளர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். நடும் பிள்ளைகளுக்கு அது சொல்லித்தான் கொடுக்கப்படுகிறது.

தேர்வும் பணமும்

2000-த்தை ஒட்டி ஹவாய் பண்பாட்டை அடித்தளமாகக் கொண்ட தன்னாட்சிப் பள்ளிகள் பல தொடங்கின. இன்று 17 இருக்கின்றன. அரசுப் பணத்தில் நடப்பவை, நிர்வாகம் மக்கள் கையில். ஹவாய்த் தீவின் வாய்மேயாவில் கானு ஓ கா ஆயினா. ஹொனலூலுவில் ஹாலாவ் கூ மானா. ஹாலாவ் கூ மானா பிள்ளைகள் மானோவா பள்ளத்தாக்கில் புதர் மண்டிக் கிடந்த பழைய சேப்பங்கிழங்குப் பாத்திகளைத் தாங்களே தோண்டி மீட்டார்கள். பள்ளிக்கென்று ஒரு தோணியும் உண்டு. அந்தப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோயலானி குட்இயர்-காஓபுவா 2013-ல் அதன் வரலாற்றை நூலாக எழுதினார். அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த பொதுத்தேர்வு விதிகள் வயலுக்கும் கடலுக்கும் போகும் நேரத்தை எப்படித் தின்றன என்பதும் அந்த நூலில் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் பள்ளிக்குத் தண்டனை என்றால், ஆசிரியர் பிள்ளைகளை வகுப்பறைக்குள்தான் அடைப்பார்.

இந்தப் பள்ளிகளுக்குக் கட்டடத்துக்கென்று அரசு தனிப்பணம் தருவதில்லை. சில பள்ளிகள் கூடாரங்களில் தொடங்கின. ஹவாய்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தேர்வை மொழிபெயர்த்துக் கொடுத்த காலமும் உண்டு. அது சரிவராமல் பெற்றோர் எதிர்த்தார்கள். இப்போது ஹவாய் மொழியிலேயே எழுதப்பட்ட தேர்வு இருக்கிறது. லானாய் தீவில் ஹவாய்வழி வகுப்புக்கு ஆசிரியரே இல்லை என்று ஒரு தாய் வழக்குப் போட, 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கல்வி கிடைக்க நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுப்பது அரசின் அரசியல் சட்டக் கடமை என்று தீர்ப்பளித்தது. கடமை தீர்ப்பில் உறுதியாகிவிட்டது. ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை.

தண்ணீரைத் திருப்பிக் கேட்ட பாடம்

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரு கல்வித்துறை அதிகாரி படித்தால், "நல்ல யோசனை, நாமும் வாரம் ஒரு பாட்டு வகுப்பு, ஆண்டுக்கு ஒரு முகாம் வைக்கலாம்" என்று சொல்லக்கூடும். அங்கேதான் இந்தக் கல்வியைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். நிலம் வேண்டும். தண்ணீர் வேண்டும். அவை மக்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடமே நடக்காது.

ஹவாய் மக்களின் கதைப்படி வானத்தந்தையின் முதல் குழந்தை பிறக்கும்போதே இறந்து, புதைத்த இடத்தில் சேப்பஞ்செடி முளைத்தது. இரண்டாவது குழந்தைதான் மனிதர்களின் மூதாதை. ஆகவே சேப்பங்கிழங்கு மூத்த அண்ணன். நம் வீட்டில் வறுவலாகும் அதே கிழங்கு, அதே இனம். ஒருகாலத்தில் அங்கே 300-க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன. நீரில் நிற்கும் அந்தப் பயிருக்கு ஓயாமல் ஓடும் குளிர்ந்த நீர் தேவை. பாத்தி நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸைத் தாண்டினால் கிழங்கு அழுகத் தொடங்குகிறது. பிள்ளைகள் வெப்பமானியோடு பாத்தியில் இறங்கி இதை அளக்கிறார்கள். வெப்பம் ஏன் ஏறுகிறது என்று அடுத்த கேள்வி வரும். ஓடையில் நீர் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது? மேலே கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். யார் திருப்பியது?

மாவி தீவின் கிழக்கு மலையிலிருந்து கரும்புக்காகக் கால்வாய் வெட்டத் தொடங்கியது 1876-ல். பிறகு டஜன் கணக்கான ஓடைகள் கரும்புத் தோட்டத்துக்குப் போயின. கீழே சேப்பங்கிழங்கு வயல்கள் காய்ந்தன. தீவின் கடைசிக் கரும்பு ஆலை 2016-ல்தான் மூடியது. விவசாயிகள் பல பத்தாண்டுகள் போராடிய பின் 2018-ல் மாநில நீர் ஆணையம் பல ஓடைகளில் நீரைத் திரும்ப விட ஆணையிட்டது. ஒரு வெப்பமானியில் தொடங்கும் பாடம் நீதிமன்றத்தில் போய் முடிகிறது என்றால், அதை நான் நல்ல அறிவியல் கல்வி என்றுதான் சொல்வேன். காரணத்தைத் தேடிக்கொண்டே போகச் சொல்லித்தருவதுதானே அறிவியல்.

ஓவாஹு மேற்குக் கரையின் வையனாய் வறண்ட, ஏழ்மை மிகுந்த பகுதி. 1970-களின் இறுதியில் எரிக் ஈனோஸும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் மலையடிவாரப் புதருக்குள் பழைய வயல் கட்டுகளைக் கண்டார்கள். மேலேயிருந்து குழாய் போட்டு ஓடைநீரைக் கொண்டுவந்து, பாத்திகளில் திரும்பவும் சேப்பங்கிழங்கு நட்டார்கள். காஆலா என்ற அந்தக் கற்றல் மையத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். தண்ணீர் வந்தது முதலில், பள்ளி வந்தது அதற்குப் பிறகு.

கஹோலாவே தீவின் கதை இன்னும் கொடியது. 1941 முதல் 1990 வரை அமெரிக்கப் படைகள் அந்தத் தீவு முழுவதையும் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு வைத்திருந்தன. 1976-ல் ஒரு சிறு குழு தடையை மீறித் தீவில் இறங்கியது. மறு ஆண்டு ஜார்ஜ் ஹெல்மும் கிமோ மிட்செலும் அந்தப் போராட்டத்திலேயே கடலில் காணாமல் போனார்கள். 40 கோடி டாலர் செலவில் வெடிபொருள் அகற்றிய பிறகும் தீவின் முழுப் பரப்பும் பாதுகாப்பானதாக ஆகவில்லை. ஆனாலும் இன்று மாணவர்கள் அங்கே போகிறார்கள். குண்டு விழுந்து வெளுத்த செம்மண்ணில் புல்லும் செடியும் நட்டு மண்ணரிப்பைத் தடுக்கிறார்கள். தாஹித்திக்குப் போகும் பழைய கடல்வழி அந்தத் தீவின் தென்மேற்கு முனையிலிருந்து தொடங்குகிறது. தோணி வழிகாட்டப் படிப்பவர்கள் அங்கே நின்று வானம் பார்க்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 8 அன்று மாவியின் லஹாய்னா நகரம் எரிந்து 102 பேர் இறந்தார்கள். பலத்த காற்று, மின்கம்பிகள் என்று காரணங்கள் பல. ஆனால் அந்த நகரம் ஒருகாலத்தில் மீன்குளமும் ஈரநிலமும் சூழ்ந்த ஊர் என்பதையும், கரும்பு போன பிறகு தரிசில் வெளிநாட்டுப் புல் ஆளுயரம் காய்ந்து நின்றதையும் ஹவாய் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

மலையின் மேல்

இந்தக் கல்வி அறிவியலுக்கு எதிரானதா என்ற கேள்வி 2019-ல் வந்தது. மௌனா கேயா மலையுச்சியில் அப்போது 13 தொலைநோக்கிகள் ஏற்கெனவே இருந்தன. 30 மீட்டர் விட்டமுள்ள புதிய தொலைநோக்கியைக் கட்ட வந்தபோது, அந்த ஜூலை மாதம், மலைப்பாதையை மக்கள் மறித்தார்கள். 30-க்கும் மேற்பட்ட முதியவர்கள் கைதானார்கள். அறிவியலை எதிர்க்கும் கூட்டம் என்று வெளியிலிருந்து பலர் எழுதினார்கள். மறியல் நடந்த இடத்திலேயே இலவசமாக வகுப்புகள் நடந்தன. புவியியல், சட்டம், மொழி, தோணி வழிகாட்டல் எல்லாம் அங்கே பாடம். அதே ஆண்டில்தான் ஹவாய்ப் பிள்ளைகளின் விண்கல் பெயர் ஏற்கப்பட்டது. ஹவாய் மக்களிலேயே தொலைநோக்கியை வரவேற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. வானத்தைப் பார்ப்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. மலையைப் பற்றி யார் முடிவெடுப்பது என்பதில்தான். 2022-ல் மலையை நிர்வகிக்க ஹவாய் மக்களின் பிரதிநிதிகளையும் சேர்த்துப் புதிய ஆணையம் அமைத்தது மாநில அரசு. அந்த ஏற்பாட்டைச் செய்ய ஐம்பது ஆண்டுகள் தாமதம்.

மௌனா கேயாவுக்கும் மௌனா லோவாவுக்கும் நடுவே போஹாக்குலோவா சமவெளி இருக்கிறது. 1964-ல் அங்கே சுமார் 23,000 ஏக்கர் மாநில நிலத்தை அமெரிக்க ராணுவம் 65 ஆண்டு குத்தகைக்கு எடுத்தது. மொத்தக் குத்தகைத் தொகை ஒரு டாலர். வேறெங்கும் இல்லாத செடிகள் வளரும் அந்த நிலத்தில் இன்றும் குண்டுப் பயிற்சி நடக்கிறது. நிலத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதற்காக ராணுவம் கொடுத்த சுற்றுச்சூழல் அறிக்கையை 2025-ல் மாநில நில வாரியம் நிராகரித்தது. குத்தகை 2029 ஆகஸ்டில் முடிகிறது. அந்த நிலம் ஹவாய் மக்களிடம் திரும்ப வேண்டும். அதை மீட்டுப் பசுமையாக்கத் தெரிந்த இளைஞர்களை அவர்களுடைய பள்ளிகள் ஏற்கெனவே உருவாக்கிவிட்டன.